மெற்ஸ் பேராலயத்தில் எழுதிய பேர்

1

கோயிலுக்குப் போய்வந்தால் மனம் ஆறும் என்பார்கள். நான் போய்வந்து பத்து நாளாகிறது, இன்னும் ஒழுங்கான நித்திரை இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சோறு வடிக்கிறேன். கை தன்பாட்டில் எல்லாம் செய்கிறது. மனம் அந்தக் கல்லுக் கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. இதைச் சொல்லவேண்டிய ஆள் மன்னார்த் தாழ்வுபாட்டில் இருக்கிற என்ர மச்சாள், என் அண்ணாவின் மனுசி. அவவுக்குச் சொல்லப் பயந்துதான் பத்திரிகைக்காரரான உங்களுக்கு எழுதத் தொடங்கினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

என்ர மனுசனின் தங்கச்சி ஜெர்மனியில் இருக்கிறா. நொவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காரில் போய், ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் ஓட்டம். நான் முன் சீட்டில். பின்னுக்கு மகள் மெலனி. வயது பதினேழு, காதில் எந்நேரமும் பாட்டுக் கேட்கிற இரண்டு வெள்ளைக் குமிழ்.

எனக்குக் கார்ப் பயணம் என்றால் பயம். பக்கத்தால் லொறி வந்தால் என் கால் பிறேக்கைத் தேடி மிதிக்கும். என் பக்கத்தில் பிறேக் இல்லை என்று காலுக்கு விளங்குவதில்லை. தரையில் ஓட்டை விழப்போகுது, காலை எடும் என்று இவர் பகிடி பண்ணுவார். அன்றைக்கு விடியத்திலிருந்து பனிமூட்டம். முன்னால் போகிற காரின் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரியும், கார் தெரியாது. இவரும் பகிடி விடவில்லை.

ஜெர்மன் எல்லையைத் தாண்டினதும் வருகிற பட்டினம் மெற்ஸ். அங்கே எண்ணூறு வருசப் பழைய பேராலயம் இருக்கிறது, தனக்குப் பாடத்தில் வருகிறது, ஒரு மணித்தியாலம் நிற்பம் என்று மெலனி கேட்டாள். பிள்ளை எங்களோடு சேர்ந்து ஏதும் கேட்கிறது குறைவு. கோயிலை வேறு கேட்கிறாள். நான் உடனே ஓம் என்றேன். எனக்கு அங்கே போக வேறொரு காரணமும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. முதன்முதலாய்க் கால் வைக்கிற கோயிலில் கேட்கிற மன்றாட்டு வீண் போகாது. பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து எந்தப் புதுக் கோயில் வாசலைக் கண்டாலும் எனக்கு ஒரே மன்றாட்டுத்தான். என்ர ராசண்ணா வீட்டுக்குத் திரும்பி வரவேணும். அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பத்தொன்பது வருசம். வாற தை மாதம் அவரின் மகள் நிலானிக்குக் கலியாணம். நாள் கிட்டக் கிட்ட என் மன்றாட்டு ஆண்டவரோடு சண்டை பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

2

காரை விட்டுவிட்டு நடந்துபோகிற தெருவில், தலைக்கு மேலே குறுக்குக் கம்பியில் ஒரு பெரிய பறவை நாகம், சிறகு வைத்த பாம்பு உருவம், தொங்கியது. வாய் பிளந்து, நாக்கு வெளியே. இந்த ஊர்ச் சனத்தைத் தின்றுகொண்டிருந்ததாம், பழைய காலத்துப் பெரிய சுவாமியாரான மேற்றிராணியார் ஒருவர் கழுத்தில் துணியைப் போட்டு ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டுபோய் விட்டாராம் என்று மெலனி விளக்கம் சொன்னாள். பிறகு ஏன் திருப்பித் தெருவில் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கினம் என்று கேட்டேன். 

கோயில் மஞ்சள் கல்லு. மேல் பாதியைக் காணவில்லை. கோபுரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் பனிக்குள் போய் மறைந்திருந்தது. கூரை ஓரத்தில் கல்லு மிருகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மழைத் தண்ணீர் அவற்றின் வாயால்தான் விழுமாம். அன்று மழை இல்லை. பனி நீர் ஒவ்வொரு சொட்டாய்க் கீழே நிற்கிற எங்களுக்கு மேல் விழுந்தது.

உள்ளே போனதும் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது, அவ்வளவு உயரம். தாழ்வுபாட்டுக் கோயிலில் ஒருவர் இருமினால் ஆர் இருமினது என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே இவர் இருமினார். அந்த இருமல் மேலே போய், கொஞ்சம் பிந்தி, வேறு ஆரோ இருமினது மாதிரித் திரும்பி வந்தது. இவர் நிமிர்ந்து பார்த்தார். ஓர்கன் வாத்தியப் பெட்டியைக் கால் இல்லாமல் சுவரில் அந்தரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்த வாங்குகளில் நான் இருக்கவில்லை. கண்ணாடி யன்னல்கள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் காணியளவு. வெய்யில் இருந்தால் சொர்க்கம் மாதிரி இருக்குமாம். பனிக்குள் அந்த நீலம் ஆழக் கடல் நீலமாய் இருந்தது. தண்ணிக்கு அடியில் நிற்கிற மாதிரி.

இந்த நாட்டுக் கோயில்களில் மெழுகுதிரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி விரித்துக் கிடக்கும். வருகிறவர்கள் தங்கள் மன்றாட்டை எழுதிவிட்டுப் போவார்கள். நான் வசனம் எழுத மாட்டேன். ராசண்ணாவின் முழுப் பேரை மட்டும் தமிழில் எழுதுவேன், மரியான் அருள்ராசா என்று. என்ன வேணும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

மெற்ஸில் இருந்தது தடித்த மட்டை போட்ட ஒரு பெரிய புத்தகம். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு பெரிய மெழுகுதிரி, இரண்டு பக்கமும் செவ்வந்திப் பூச்சாடி. பெரிய கோயில் என்றபடியால் பெரிய புத்தகம் என்று நினைத்தேன். மேசைக்கு முன்னால் ஒரு அறிவித்தல் நின்றது, நான் வாசிக்கவில்லை. எனக்கு இந்த மொழியில் வாசிக்கிறதென்றால் விரல் வைத்து வாசிக்கவேணும், பின்னால் ஆக்கள் நின்றார்கள். விரித்த பக்கத்தில் வரிசையாய்ப் பேர்கள் மட்டும். எனக்குச் சந்தோஷம். இந்தச் சனமும் என்னைப்போல பேரை மட்டும் எழுதுது என்று. நானும் எழுதினேன்.

மெலனி வந்து என் தோளில் கை வைத்தாள். அப்படி வைத்து எத்தனையோ மாதம். நான் விலகினதும் அவள் பேனையை எடுத்து ஏதோ எழுதினாள். சோதனைக்கு மன்றாடுகிறாள் ஆக்கும் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

3

ராசண்ணா எனக்கு ஆறு வயது மூப்பு. வலை பின்ன நைலோன் நூல் வாங்கவென்று மன்னார் ரவுணுக்குச் சைக்கிளில் போனவர். வழியில் ஒரு வாகனம் மறித்ததைக் கண்ட ஆக்கள் இருக்கினம். கொண்டுபோனது ஆர் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விடுவம் என்றார்களாம். நிலானிக்கு அப்போது ஐந்து வயது. அடுத்த வருசம் நானும் இவரும் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். ஜெசிந்தா மச்சாள் பிள்ளையோடு அங்கேயே இருந்தா.

ஆராவது அனுதாபத்தோடு கதைக்க வந்தால் மச்சாள் ஒன்று சொல்லுவா. "பின்னேரம் எண்டுதான் சொன்னவை. எந்தப் பின்னேரம் எண்டு சொல்லேல்லையே."

எங்கள் கோயில் பங்கில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் ஒவ்வொரு வீடும் தங்கள் செத்தவர்களின் பேரை எழுதிக் கவரில் போட்டுக் கோயில் மூப்பரிடம் கொடுக்கவேணும். பூசையில் வாசிப்பார்கள். பிறகு எல்லாரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நொவம்பர் இரண்டாம் திகதியோடு பட்டியல் முடிந்துவிடும். மச்சாளின் கவரில் அவவின் தாய் தகப்பன் இருப்பினம், எங்கள் தாய் தகப்பன் இருப்பினம். ராசண்ணா இல்லை. ஒருமுறை மூப்பர் நல்லது செய்கிறேன் என்று தன்பாட்டில் அவர் பேரைச் சேர்த்துவிட்டார். திருநாளுக்கு முதல் நாள் அது மச்சாளின் காதுக்கு எட்டிவிட்டது. நேரே மூப்பரின் வீட்டுப் படலைக்குப் போய் நின்று, "என்ர மனுசனைச் சாக்காட்ட உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" என்று கேட்டிருக்கிறா. தன் கண்ணுக்கு முன்னால் பேரை வெட்டுவித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தா.

ஊர் விதானையாரும் சொன்னார், அரசாங்கக் கச்சேரியிலும் சொன்னார்கள், மரணச் சான்றிதழை எடுங்கோ, அலுவல் எல்லாம் சுகமாய் முடியும் என்று. மச்சாள் படிவத்தை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டா. "செத்த திகதி எண்டு ஒரு கட்டம் கிடக்கு. அதில என்னத்தை எழுத?"

அவவின் பிடிவாதத்துக்கு நான் வாக்குக் கொடுத்தவள். விமானம் ஏறுகிற அன்றைக்கு, அண்ணாவைச் செத்தவர் கணக்கில் ஒருநாளும் சேர்க்கமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தேன். பிரான்சில் அகதி விண்ணப்பத்தில் சகோதரங்களின் பேருக்கு நேரே உயிரோடு, காலமானார் என்று இரண்டு பெட்டிதான் இருந்தது. மொழிபெயர்க்க வந்த தம்பி, "அக்கா, ஏதாவது ஒண்டில போடுங்கோ, லைன் நிக்குது" என்றான். உயிரோடு என்றதில் புள்ளடி போட்டேன். அது பொய் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று, விசா புதுப்பிக்கப் போகிற ஒவ்வொரு முறையும் முதல் நாளே எனக்குப் பயம் தொடங்கிவிடும்.

4

மெற்ஸை விட்டு வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் ஓடியிருப்போம். வெர்டன் என்ற பலகை பனிக்குள் வந்து போனது. அங்கே பழைய உலகச் சண்டையில் செத்த ஆயிரக்கணக்கான பேரின் சிலுவைகள் இருக்குது, அடுத்தமுறை பார்ப்பம் என்று இவர் சொன்னார். அப்போது மெலனி காதிலிருந்த குமிழ்களைக் கழற்றினாள்.

"அம்மா, இண்டைக்கு நீங்க செய்தது நல்லம்."

"என்னத்தை?"

"மாமாவின்ர பேரை எழுதினது. உங்களுக்குக் கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். தமிழில எழுதினால் சுவாமி எப்பிடி வாசிக்கிறது? அதான் கீழ நான் பிரெஞ்சில எழுதி விட்டனான். இண்டைக்குப் பின்னேரப் பூசையில வாசிப்பினம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சுவாமி ஏன் வாசிக்கவேணும் என்று கேட்டேன். அவள் அப்பாவின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு, மெதுவாய், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அந்தப் புத்தகம் செத்தவர்களின் புத்தகம். நொவம்பர் மாதம் முழுக்க வைத்திருப்பார்கள். அறிவித்தலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. செவ்வந்தி இந்த நாட்டில் சேமக்காலைக்குக் கொண்டுபோகிற பூ.

 காரைத் திருப்புங்கோ என்றேன். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திருப்பேலாது என்றார் இவர். திருப்புங்கோ, திருப்புங்கோ என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. மெலனி அழத் தொடங்கிவிட்டாள். தான் பிழையாய் ஒன்றும் செய்யவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததைத்தானே அம்மா எழுதினவ என்று அப்பாவிடம் கேட்கிறாள்.

எல்லாருக்கும் தெரிந்தது. என்ர பிள்ளைக்கு அவர் எப்போதோ செத்துவிட்டார். நான் கதை கதையாய்ச் சொல்லி வளர்த்த மாமாவை, அவள், இல்லாமல்போன மாமாவாகத்தான் கேட்டுக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். பதினேழு வருசம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது.

5

இவர் அடுத்த வெளிவழியால் இறங்கித் திருப்பினார்.  நாங்கள் உள்ளே ஓடும்போது பூசைக்கு மணி அடித்துவிட்டது. மேசையில் புத்தகம் இல்லை. வெள்ளைத் துணியும் பூச்சாடியும் மட்டும். புத்தகத்தைப் பீடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா தூணடியில் நின்றா. அவவிடம் போய், எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லைக் கூட்டி, என் அண்ணா, செத்ததில்லை, புத்தகம், வேண்டாம் என்றேன். அவ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. கண் கலங்கிவிட்டது. ஓம் மகளே, அவர் சாகவில்லை, ஆண்டவரில் வாழுகிறார் என்றா. நான் தலையை ஆட்டி இல்லை இல்லை என்கிறேன். அவ இன்னும் இறுக்கிப் பிடிக்கிறா.

மெலனியைத் திரும்பிப் பார்த்தேன். நீ சொல்லு, மாமா உயிரோட இருக்கிறார், பேரை வெட்டச் சொல்லு என்றேன்.

அவள் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.  "அம்மா, எனக்குத் தெரியாததை நான் எப்பிடிச் சொல்லுறது?"

என்ர பிள்ளை கோயிலுக்குள் பொய் சொல்லமாட்டாள். அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நாங்கள் கடைசி வாங்கில் போய் இருந்தோம்.

பிரசங்கத்துக்குப் பிறகு ஒருவர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, சுவாமியார் வாசிக்கத் தொடங்கினார். பக்கம் பக்கமாய். ஒவ்வொரு பேரும் மேலே போய்த் திரும்பி வந்தது. கையெழுத்து விளங்காவிட்டால் விட்டுவிடுவார், பக்கம் ஒட்டிக்கொண்டால் தப்பிவிடும் என்று வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு இடத்தில் அவர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு கவனமாய், ஒவ்வொரு எழுத்தாய், மரியான் அறுல்றஜா என்றார்.

எங்கள் பங்கில் பேர் வாசிக்கும்போது அந்த வீட்டு ஆள் ஒருவர் எழும்பி நிற்பார். அடுத்த பேர் வந்ததும் இருப்பார். அப்படி ஒரு வழக்கம். இங்கே ஒருவரும் எழும்பவில்லை, எல்லாரும் குனிந்தபடி இருந்தார்கள். நான் எழும்பமாட்டேன் என்று கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டு இருந்தேன்.

பக்கத்தில் இவர் எழும்பினார்.

அந்தப் பெரிய கோயிலில் இவர் ஒராள் மட்டும், ஜக்கெற்றோடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முன்னுக்கு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தேன். இருங்கோ, இருங்கோ என்றேன். அடுத்த பேர் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. இவர் இருக்கவில்லை.

"ஒருத்தரும் எழும்பாமல் விடுறதே?" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

இவர் ராசண்ணாவோடு ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தவர். அண்ணா வருவாரா என்று நான் கேட்கும்போதெல்லாம், ஆண்டவர் விட்ட வழி என்று சொல்லி முடித்துவிடுவார். ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த மனுசன் நினைக்கிறதை வைத்து எழும்பவில்லை. ஏதோ தெரிந்து எழும்பியிருக்கிறார்.

வெளியே வந்ததும் மெலனியை முன்னால் போகவிட்டு, ஏன் எழும்பினனீங்கள் என்று கேட்டேன். கார்த் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"மூண்டு வருசத்துக்கு முந்தி லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில ஒரு முஸ்லிம் நானாவைச் சந்திச்சனான். எங்கட பக்கத்துச் சிலாவத்துறை ஆள். ராசாவோட ஒரே இடத்தில அடைபட்டுக் கிடந்தவராம்."

"காணும், போதும்" என்றேன்.

"இஞ்சரும், அவர் சொன்னது..."

"காணும் எண்டு சொன்னனான்."

காரில் ஏறினோம். பாரிஸ் வரும்வரை வீதியில் பனி. என் கால் பிறேக்கைத் தேடவில்லை.

6

பத்து நாளும் இவர் வேலையால் வந்து குசினி வாசலில் நிற்பார். அண்டைக்குச் சொல்ல வந்தது, என்று தொடங்குவார். நான் உடனே பைப்பைத் திறந்து கோப்பை கழுவுவேன். கழுவின கோப்பையையே திருப்பிக் கழுவுவேன். தண்ணீர்ச் சத்தம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

கேட்டுவிட்டால் நான் என்ன செய்கிறது? கேளாமல் இருக்கிறவரை மச்சாளோடு கதைக்கலாம், நிலானியின் சாறி நிறம் கதைக்கலாம். கேட்ட பிறகு ஹலோ என்று சொல்லவே எனக்கு வாய் வராது. ஆனால் கேளாமலும் கதைக்க முடியவில்லை. மச்சாள் நாலுதரம் எடுத்துவிட்டா. நான் தூக்கவில்லை. வேலை கூட என்று எழுதி அனுப்பினேன்.

இன்று மத்தியானம் அவவின் குரல் பதிவு ஒன்று வந்தது.

"மச்சாள், கலியாணக் கார்ட்டுக்கு அச்சுக்கூடத்தில கேக்கினம், பொம்பிளையின்ர தகப்பன்ர பேருக்கு முன்னால அமரர் எண்டு போடுறதோ எண்டு. நான் ஒண்டும் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனா இவள் நிலானி, மாமியிட்டயும் மாமாவிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ எண்டு நிக்கிறாள். நீங்களும் இப்ப போனைத் தூக்குறியள் இல்லை."  பிறகு குரலைத் தணித்தா. "ஏதும் தெரிஞ்சால் சொல்லுங்கோ மச்சாள். ஒளிக்காதேங்கோ."

மூப்பரின் படலையில் நின்று சத்தம் போட்ட பொம்பிளையின் குரல் இல்லை அது. இவ்வளவு காலமும் தனக்காகத்தான் அவ பிடிவாதம் பிடிக்கிறா என்று நினைத்திருந்தேன். எங்களுக்காகவும் பிடித்திருக்கிறா போல. இப்போது கை வலிக்கிறது, ஆராவது வந்து வாங்குங்கோ என்கிற மாதிரி இருந்தது.

பின்னேரம் இவர் வந்தார். வாசலில் நின்றார். நான் பைப்பைப் பூட்டிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டு, எதிரே நான் இருந்தேன்.

"முழுக்கச் சொல்லுங்கோ. இடையில நான் நிப்பாட்டினாலும் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். இரண்டு தரம் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. மெலனி அறைக் கதவைத் திறந்து வந்து சுவரோடு நின்றதை அவர் முடித்த பிறகுதான் கண்டேன்.

அவர் சொன்னதை இதில் எழுதமாட்டேன். உங்களுக்கு முதல் அதைக் கேட்கவேண்டியவ ஒருத்தி இருக்கிறா. அங்கே இந்நேரம் படுத்திருப்பா. விடிந்ததும் எடுப்பேன். அவவுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் இந்தத் தாள்களைத் தபாலில் போடுவேன்.